எலோயிஸின் மடல்கள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



ஐரோப்பிய இலக்கியத்திலும் வரலாற்றிலும் இறைநம்பிக்கையும் காதலும் இயைந்தும் முரணியும் வந்த வகையைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். பொருள் பெரிது, எனக்கு அளிக்கப்பெற்ற நேரம் சிறிது. ஆதலின் அகலப் பேசாமல் ஓரிடத்தில் நின்று பேச விழைகிறேன். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் வாழ்ந்த எலோயிஸ் என்னும் பெண்துறவி இலத்தீன் மொழியில் எழுதிய மடல்களே என் பொருள். இவற்றைத் தேர்ந்ததற்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை வகுப்பில் ஒப்பிலக்கியத் தாள் நடத்திக்கொண்டிருந்தேன். எலோயிஸின் வரலாற்றைச் சொல்லி முடித்த அளவில் மாணவி ஒருத்தி எழுந்து, "அம்மா, அவளுக்குக் கடவுள் நம்பிக்கை இருந்ததா, இல்லையா?" என்று கேட்டாள். மணி அடிக்கும் நேரம். "இருந்ததாகத் தெரியவில்லை, காதலனுக்காகத் துறவு பூண்டவள்தானே" என்று சொல்லிவிட்டு வெளியேறினேன். அன்றிரவே அவ்விடை என்னை உறுத்தத் தொடங்கிற்று. பெட்டி ராடிஸ் 1974இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பை மீண்டும் எடுத்துப் படித்தேன். (இலத்தீன் நான் அறியேன்; என் பேச்சில் அக்குறை இருக்கும்.) அம்மாணவி படிப்பை முடித்துப் போய்விட்டாள். அவளுக்குச் சொல்லத் தவறியதை இவ்வவையில் சொல்லிப் பார்க்கிறேன்.

ஐரோப்பியக் கிறித்தவ மரபில் காதலும் இறைப்பற்றும் பேசப்படும் இடமெல்லாம் அகுஸ்தீன், தாந்தே என்னும் இரு பெயர்கள் தவறாமல் வரும். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் தம் வாழ்வைத் தாமே எழுதிய அகுஸ்தீன், பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தம்மோடு வாழ்ந்து ஒரு மகனையும் பெற்றுத் தந்த பெண்ணை, வேறு மணம் பேசப்பட்டபோது ஆப்பிரிக்காவிற்குத் திருப்பி அனுப்பியதைச் சொல்கிறார். தம் உள்ளம் புண்பட்டதையும் மறையாது சொல்கிறார். ஆனால் அப்பெண்ணின் பெயரை மட்டும் சொல்லவில்லை. மகனின் பெயர் தெரியும். தாயின் பெயர் தெரியும். தம் மகனை விட்டுவிட்டுக் கப்பலேறிய அவள் பெயர் உலகிற்குத் தெரியாது. தாந்தேயோ பெயரைச் சொன்னார். 1290இல் இறந்த பியாத்ரீச்சேயைத் துறக்கத்தில் ஏற்றி, தம்மைக் கடவுள்பால் இட்டுச் செல்லும் வழிகாட்டியாக்கினார். அப்பெருங்காவியத்தில் அவள் பேசுகிறாள், இடித்துரைக்கவும் செய்கிறாள். ஆயினும் பேசும் நா தாந்தேயுடையது. பாதையின் முடிவிற்குச் சற்று முன் அவள் தன் இருக்கைக்குத் திரும்ப, கடைசி வழிகாட்டியாக முதியவர் ஒருவர் வந்து நிற்கிறார். அவர் கிளேர்வோ மடத்தின் தலைவர் பெர்னார். இப்பெயரை நினைவிற் கொள்ளுங்கள், மீண்டும் வரும்.

ஒருத்தி விலக்கப்பட்டாள், மற்றொருத்தி ஏணியானாள். இருவரும் தம் கையால் ஒரு வரியும் நமக்கு விட்டுச் செல்லவில்லை. எலோயிஸ் விட்டுச் சென்றாள். அவள் மடல்களின் அருமை இதில்தான் தொடங்குகிறது.

வரலாற்றைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். பீட்டர் அபெலார் 1079இல் பிரித்தானிப் பகுதியில் வீரர் குடியில் மூத்த மகனாகப் பிறந்து, உரிமைச் சொத்தைத் துறந்து, தருக்கக் கலையில் தமக்கு நிகரில்லை என்னும் செருக்கோடு பாரிசில் ஆசிரியரானவர். நோத்ர தாம் பேராலயத்தின் குருமாருள் ஒருவரான ஃபுல்பெர் என்பாரின் உடன்பிறந்தார் மகள் எலோயிஸ். அந்நாளிலேயே கல்வியால் பெயர் பெற்றவள். 1115ஆம் ஆண்டையொட்டி, அவளுக்குக் கற்பிக்கும் பேரால் அபெலார் அவ்வீட்டில் குடிபுகுந்தார். நூல்கள் திறந்தே கிடந்தன, பாடம் நடக்கவில்லை. அவள் கருவுற்றாள்; பிரித்தானியில் அபெலாரின் உடன்பிறந்தாள் வீட்டில் மகனைப் பெற்றாள். அவனுக்கு அவர்கள் இட்ட பெயர் அஸ்திரலாபே. விண்மீன்களின் உயரத்தை அளக்கும் கருவியின் பெயர் அது! கற்றவர்கள் பிள்ளைக்குப் பெயரிடும் அழகை இங்குள்ள பேராசிரியர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

அபெலார் மறைவாக மணந்துகொள்ள முன்வந்தார். வேண்டாவென மறுத்தவள் எலோயிஸ். மதகுருமாரின் மணவாழ்வைத் திருச்சபை மேன்மேலும் இறுக்கிவந்த காலம் அது. 1139இல் கூடிய இலாத்தரன் பேரவை அத்தகைய மணங்கள் செல்லாவென்றே விதித்துவிட்டது. மணம் அபெலாரின் உயர்வைக் கெடுக்கும் என்பது அவள் சொன்ன காரணங்களுள் ஒன்று. அபெலார் எழுதிய தன்வரலாறு அக்காரணங்களை அடுக்குகிறது. ஆனால் தான் சொன்னவற்றுள் முதன்மையான ஒன்றை அவர் விட்டுவிட்டார் என்று எலோயிஸ் தன் மடலில் திருத்துகிறாள். அவளுக்கு வேண்டியிருந்தது அவர். அவருடைய பொருளோ நிலையோ மனைவி என்னும் பெயரோ அன்று. விலங்கைவிட உரிமையோடு தரும் அன்பு மேலானது என்பது அவள் வாதம். பேரரசனே மணக்க வந்தாலும் அதனினும் அபெலாரின் பரத்தை எனப்படுவதே தனக்குப் பெருமை என்னும் அளவிற்கு அவள் போகிறாள். இதை எழுதியபோது அவள் ஒரு மடத்தின் தலைவி என்பது நோக்கத்தக்கது.

மணம் நடந்தது, ஃபுல்பெர் குடும்பத்தார் அதை ஊரறியச் செய்தனர், எலோயிஸ் மறுத்தாள். அபெலார் அவளை அர்ஜாந்தேய் கன்னியர் மடத்திற்கு அனுப்பினார். கைவிட்டார் என்றெண்ணிய உறவினர் ஓரிரவு ஆள்விட்டு அபெலாரை ஆண்மையறுத்தனர். அதன்பின் இருவரும் துறவு பூண்டனர். முதலில் பூண்டவள் எலோயிஸ். தமக்கு முன்னே அவளைத் துறவியாக்கிவிட்டே தாம் மடம் புகுந்தார் அபெலார். தன்மேல் நம்பிக்கையின்றி அவர் இவ்வாறு செய்ததுதான் தன்னை மிகவும் நோகச் செய்தது என்று பின்னாளில் அவள் எழுதினாள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அபெலார் தம் மறுமொழி மடலில், அவள் விரும்பாத வேளைகளில் அச்சுறுத்தியும் அடித்தும் இணங்கவைத்ததைத் தாமே ஒப்புக்கொள்கிறார். ஆசிரியர், வீட்டில் நம்பிக்கையோடு இடங்கொடுக்கப்பெற்றவர், வயதில் மூத்தவர். இதையெல்லாம் திரையிட்டு மூடிவிட்டு இவ்வரலாற்றை மாசற்ற காதற் காவியமாகப் பாடியவர்கள் ஐரோப்பாவில் பலர். 1717இல் அலெக்சாந்தர் போப் எழுதிய செய்யுள் மடல் புகழ்பெற்றது. ரூசோ 1761இல் தம் புதினத்திற்கே அவள் பெயரை இட்டார். எனக்கு இவ்விரண்டிலும் அவ்வளவாக ஈடுபாடில்லை. அங்கே புலம்பல் இருக்கிறது. எலோயிஸின் அறிவு இல்லை.

இனி மடல்களுக்கு வருவோம்.

பிரிந்து ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் கழிந்தபின், பெயர் சொல்லப்படாத நண்பர் ஒருவரைத் தேற்றும் பாங்கில் அபெலார் தம் துன்பங்களின் வரலாற்றை எழுதினார். அது தற்செயலாக எலோயிஸின் கைக்கு வந்தது. அப்போது அவள் பாராக்ளீத் மடத்தின் தலைவி. 'பாராக்ளீத்' என்பது தூய ஆவியானவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. நம் பழைய தமிழ் விவிலியம் அதைத் 'தேற்றரவாளன்' என்று பெயர்க்கும். ஷாம்பாஞ்ஞே பகுதியில் அபெலார் தாமே எழுப்பிய வழிபாட்டிடம் அது. 1129இல் அர்ஜாந்தேயிலிருந்து கன்னியர் வெளியேற்றப்பட்டபோது அவ்விடத்தை அவர்களுக்கு அளித்தார். முன்பின் அறியாத நண்பருக்கு இவ்வளவு நீண்ட தேறுதல் எழுதிய கை, தேற்றரவாளன் பெயரால் அமைந்த மடத்திலிருக்கும் தனக்கு ஒரு வரியும் எழுதவில்லையே என்பதே அவள் முதல் மடலின் முறையீடு. அம்மடலின் விளிப்பையே தனியாக ஒரு வகுப்பெடுத்துச் சொல்லலாம். இருவருக்கும் இடையே இருந்த உறவுகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, சொன்ன உடனே ஒவ்வொன்றையும் வேறோர் உறவாகத் திருத்திக்கொண்டே செல்கிறாள். எந்தச் சொல்லும் போதாமல் இறுதியில் இருவர் பெயர்கள் மட்டும் எஞ்சுகின்றன.

இரண்டாம் மடல் கடுமையானது. அதில் அவள் கடவுளையே குற்றம் சாட்டுகிறாள். முறையற்று வாழ்ந்தபோது பொறுத்திருந்த கடவுள், முறைப்படி மணந்து பிரிந்திருந்தபோது தண்டித்தது எவ்வாறு நீதியாகும் என்று கேட்கிறாள். அடுத்து இன்னும் அஞ்சத்தக்க ஒன்றைச் சொல்கிறாள். பழைய இன்பங்களின் நினைவு தன்னை விட்டகலவில்லை. திருப்பலி நடக்கும் வேளையில், வேண்டுதல் மிகத் தூயதாக இருக்க வேண்டிய அந்நேரத்திலும், அக்காட்சிகளே நெஞ்சை ஆட்கொள்கின்றன. செய்தவற்றிற்காக அழ வேண்டியவள், இழந்தவற்றிற்காகவே பெருமூச்செறிகிறாள். உலகம் தன்னைத் தூயவள் என்கிறது. தன் பொய்ம்மையை அது அறியாது. தான் துறவு பூண்டது அபெலாரின் ஆணைக்காக; ஆதலால் கடவுளிடம் அதற்கு எக்கைம்மாறும் எதிர்பார்க்கத் தனக்கு உரிமையில்லை. இவ்வளவும் அவள் தன் கைப்பட எழுதியது.

இவற்றைப் படித்துத்தான் 'நம்பிக்கை இல்லை' என்று அன்று விடை சொன்னேன். எங்கே பிழைத்தேன் என்பதைச் சொல்கிறேன்.

அபெலாரின் அறநூல் ஒன்று உண்டு. செயலால் பாவம் ஆவதில்லை. செய்பவர் உள்ளத்தின் நோக்கமும் இசைவுமே அதைப் பாவமாகவோ புண்ணியமாகவோ ஆக்குகின்றன என்பது அதன் சாரம். அக்காலத்தில் பெரும் புரட்சி. அந்நூல் இம்மடல்களுக்குச் சில ஆண்டுகள் பின்னரே எழுதப்பெற்றது. ஆனால் அக்கருத்தின் முழு வலிமையும் எலோயிஸின் மடல்களில் முன்னரே இருக்கிறது. யார் யாருக்குக் கற்பித்தார்கள் என்பதை எண்ணும்போது எனக்கு வியப்பாகவே உள்ளது. முதல் மடலில் அக்கோட்பாட்டைக் கொண்டு அவள் தன்னைக் காத்துக்கொள்கிறாள்: அபெலாருக்குத் தீங்கு விளைந்தது தன்னால், ஆனால் தன் நோக்கம் அன்பு ஒன்றே. இரண்டாம் மடலில் அதே கோட்பாட்டைத் தனக்கு எதிராகத் திருப்புகிறாள். நோன்பு, கன்னிமடம், ஊர் மெச்சும் ஒழுக்கம் எல்லாம் இருக்கின்றன, நோக்கம் இல்லை. ஆகவே இவற்றிற்கு மதிப்பில்லை. காதலில் தன்னை விடுவித்த அதே வாதம் துறவில் தன்னைத் தண்டிக்கும் என்று தெரிந்தும் அதைக் கைவிடாதவள் அவள்.

எவர் முன்னே இந்தத் தண்டனை? மனிதர் முன்னே எனில் தேவையே இல்லை. அவர்கள் அவளைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். நெஞ்சின் அடியாழத்தைக் காணும் ஒருவர் இருக்கிறார், அவரிடம் வேடம் செல்லாது என்று உறுதியாக நம்புபவர்க்கே இத்தகைய அச்சம் வரும். அம்மடலின் முடிவிற்கருகே மற்றொன்றும் சொல்கிறாள். வெற்றி முடி தனக்கு வேண்டாமாம். கடவுள் துறக்கத்தில் எந்த மூலையைத் தந்தாலும் போதுமாம். மாணவியின் கேள்விக்கு விடை அங்கேயே இருந்தது. நான்தான் அவ்வரியைக் கடந்து போயிருந்தேன். துறக்கம் இல்லையென்று எண்ணுபவள் அங்கே மூலையிடம் கேட்கமாட்டாள். தன்னை நலமுற்றவள் என்றெண்ணி மருந்தை நிறுத்திவிட வேண்டாம் என்றும் அபெலாரை வேண்டுகிறாள். மருந்தை நம்பாதவர் அவ்வாறு வேண்டுவதில்லை.

கவிஞர்கள் பலர் இருக்கும் இவ்வவையில் ஆண்டாளின் பெயர் இந்நேரம் பலர் நாவில் வந்திருக்கும். ஒப்பிட விரும்பவில்லை. ஆண்டாள் காதலின் மொழி முழுவதையும் இறைவனுக்கே தந்தாள். ஐரோப்பாவில் அதற்கு இணை தேட வேண்டுமெனில் பதினாறாம் நூற்றாண்டு ஸ்பெயினில், தொலேதோ நகரச் சிறையிலிருந்து கொண்டு இறைக்காதற் பாடல் புனைந்த சிலுவை யோவானிடம் போக வேண்டும். எலோயிஸின் வழி வேறு. காதலுக்கு உரியவர் மனிதர் ஒருவர் என்பதையும், தான் நிற்பது கடவுளின் முன் என்பதையும் அவள் ஒருசேரப் பிடித்துக்கொண்டாள். ஒன்றை மற்றொன்றாக உருமாற்ற மறுத்தாள்.

அபெலாரின் மறுமொழி அவ்வுருமாற்றத்தைத்தான் கேட்டது. இனி அவள் கிறித்துவின் மணமகள். பழைய முறையீட்டை விட்டுவிட வேண்டும். தமக்கு நேர்ந்தது தண்டனையன்று, அருள். நீண்ட மடல், அறிவு நிறைந்த மடல், இருவருக்குமான வேண்டுதல் ஒன்றும் அதில் உண்டு. மனமாரச் சொன்னாரா, வேறு வழியின்றிச் சொன்னாரா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

மூன்றாம் மடலின் தொடக்கத்தில் எலோயிஸ் அவர் ஆணையை ஏற்கிறாள். எப்படி? கையை அடக்கிக்கொள்வதாகச் சொல்கிறாள், எழுதமாட்டாள். நெஞ்சு அவ்வளவு எளிதில் அடங்குவதன்று என்பதையும் உடனே சேர்த்துச் சொல்லிவிடுகிறாள். அதன்பின் காதலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மடத்து நடைமுறைக் கேள்விகள் தொடங்குகின்றன. பெனதிக்தின் ஒழுங்கு முழுவதும் ஆண்களுக்காக எழுதப்பெற்றது. அதில் சொல்லும் ஆடை பெண்ணுடலுக்குப் பொருந்துமா? மடத்தலைவர் விருந்தினரோடு உண்ண வேண்டுமெனில், தலைவி ஆண் விருந்தினரோடு அமர்ந்து உண்பதா? அறுவடை வேலை அவர்களுக்கும் உண்டா? மது அருந்தலாமா? பெண்களுக்கென ஓர் ஒழுங்கை எழுதித் தருமாறு கேட்கிறாள்.

மனம் திரும்பிவிட்டாள் என்று சிலர் சொல்வர். அடங்கிப் போனாள் என்று வேறு சிலர். அவள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்வதே எனக்குச் சரியெனப் படுகிறது: எழுதுவதை நிறுத்தினாள். எழுதாமையின் பின்னே இருந்த நெஞ்சைப் பற்றி நமக்குச் சான்றில்லை. ஆனால் அவள் கேட்டுப் பெற்றவற்றிற்குச் சான்று உண்டு. அவள் வேண்டுகோளுக்கிணங்க அபெலார் மடத்திற்கு ஒழுங்கு எழுதினார். நூற்றுமுப்பதுக்கும் மேற்பட்ட வழிபாட்டுப் பாடல்கள் இயற்றினார். விவிலியத்தில் எழுந்த 42 ஐயங்களுக்கு விடை வரைந்தார். ஐயங்களை எழுப்பியவர்கள் எலோயிஸும் அவள் உடன் துறவியரும்.

இம்மடல்கள் எலோயிஸ் எழுதியவையா என்ற ஐயம் நெடுங்காலம் உண்டு. கிடைக்கும் ஏடுகள் அவள் காலத்திற்கு நூறாண்டுகளுக்கும் பிற்பட்டவை. அபெலாரே இரு பக்கமும் எழுதினார் என்றும், பின்னாள் ஒருவர் புனைந்தார் என்றும் வாதிட்டனர். இன்று அறிஞருட் பெரும்பாலோர் அவளுடையவை என்றே கொள்கின்றனர். ஒரு பெண் இவ்வளவு கற்றிருக்க முடியுமா, இப்படி எழுதுவாளா என்னும் நினைப்பும் அவ்வையத்திற்கு ஓரளவு எருவிட்டது என்று நான் கருதுகிறேன். இது எல்லா நாட்டிலும் எழுத்தாளப் பெண்டிர் கேட்டுப் பழகிய கேள்விதான்.

இப்போது பெர்னார் மீண்டும் வருகிறார். உன்னதப்பாட்டிற்கு 86 பேருரைகள் நிகழ்த்தியவர். 1153இல் இறக்கும்வரை பேசியும் மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கத்தைத் தாண்டவில்லை. மணமகன், மணமகள், முத்தம் என்னும் சொற்களையெல்லாம் ஆன்மாவிற்கும் இறைவனுக்கும் உரியனவாக்கிக் கேட்டோர் உள்ளம் உருகப் பேசிய அதே நாவுதான், சான்ஸ் நகரப் பேரவையில் அபெலாரின் கருத்துகளைக் கண்டித்து வீழ்த்தியது. அறிவால் கடவுளைத் துழாவுவதை அவர் பொறுக்கவில்லை. அவர் ஒருமுறை பாராக்ளீத் மடத்திற்கு வந்து சிறப்பாக வரவேற்கப்பெற்றவர்தாம். அங்கே கன்னியர் கர்த்தர் கற்பித்த செபத்தில் 'அன்றாட' அப்பம் என்னும் சொல்லுக்கு மாறாக மத்தேயு நற்செய்தியின் இலத்தீன் பாடத்திலுள்ள வேறொரு சொல்லை வழங்குவது கண்டு முகஞ்சுளித்தார். அபெலார் அதற்கும் ஒரு மடல் எழுதி வாதிட்டார். பாடவேறுபாட்டிற்காகச் சண்டையிடும் மனிதர்களை எனக்குப் பிடிக்கும்.

தீர்ப்பை எதிர்த்து உரோமைக்குப் புறப்பட்ட அபெலாரைக் க்ளூனி மடத்தின் தலைவர் பீட்டர் இடைவழியில் தம்மிடம் நிறுத்திக்கொண்டு அடைக்கலம் தந்தார். பெர்னாரோடு சமரசமும் செய்துவைத்தார். 1142இல் அபெலார் இறந்தார். பீட்டர் அவ்வுடலைத் தம் துறவியர் அறியாவண்ணம் எடுத்துச் சென்று பாராக்ளீத்தில் சேர்ப்பித்தார். அதற்கு முன்பே அவர் எலோயிஸிற்கு ஒரு மடல் எழுதியிருந்தார். இளமையிலேயே அவள் கல்விப் புகழைக் கேள்வியுற்றதை அதில் நினைவுகூர்கிறார். முடிவில், உடலாலும் பின் அதனினும் உயர்ந்த இறையன்பாலும் அவளோடு பிணைக்கப்பெற்றவரைக் கடவுள் இப்போது அவளுக்கு மாறாகத் தம் மடியில் வைத்துப் பேணுகிறார். ஆண்டவர் மீண்டும் வரும் நாளில் அவளிடம் திருப்பித் தருவார் என்னும் கருத்துப்படத் தேற்றுகிறார்.

இத்தொடரைப் படிக்கும்போதெல்லாம் நான் சற்று நிறுத்திவிடுவேன். அபெலார் அவளை மறக்கச் சொன்னார். பெர்னாரின் இறையியலில் அந்த அன்பிற்கு இடமிருந்ததாகத் தெரியவில்லை. இந்த மடத்தலைவரோ, பழைய மணத்தை மறைக்காமல், அதைப் பாவமென்று சுட்டாமல், கடவுளைத் திருப்பித் தருபவராக அவளுக்குக் காட்டுகிறார். அவள் கேட்ட துறக்கத்து மூலையில் இனி ஓர் ஆளும் இருப்பார். அவளுடைய மடல்களைப் பீட்டர் படித்திருந்தாரா என்பதற்குச் சான்றில்லை, படித்தவர்போல் எழுதினார்.

எலோயிஸ் மேலும் இருபதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, கிளை மடங்களை நிறுவி, தேர்ந்த நிருவாகியாகப் பெயர் பெற்று மறைந்தாள். அவளை அடக்கம் செய்யக் கல்லறையைத் திறந்தபோது அபெலார் கைவிரித்து ஏற்றுக்கொண்டார் என்று பிற்காலத்தார் கதை கட்டினர். 1817இல் இருவர் எலும்புகளையும் பாரிசின் பேர் லாஷேஸ் இடுகாட்டிற்குக் கொண்டுவந்தனர். காதலர்கள் இன்றும் அங்கே மலர் வைக்கின்றனர்.

எனக்கு அம்மலர்களைவிடவும் அவள் பீட்டருக்கு எழுதிய மறுமொழிச் சிறுமடல் மிகுதியாகப் பேசுகிறது. அதில் காதல் என்னும் சொல்லே இல்லை. நன்றி கூறிவிட்டு மூன்று வேண்டுகோள்கள் வைக்கிறாள். தான் இறந்தபின் க்ளூனி மடத்தார் தனக்காக நிறைவேற்றுவதாக வாக்களித்த முப்பது பூசைகளை முத்திரையிட்டு எழுதித் தர வேண்டும். அபெலாரின் பாவமன்னிப்பைத் தெளிவான எழுத்தில் வரைந்து, அதனையும் முத்திரையிட்டு அனுப்ப வேண்டும், கல்லறையின்மேல் தொங்கவிடுவதற்கு. மூன்றாவது, மகன் அஸ்திரலாபேயைப் பற்றியது: பாரிசு ஆயரிடமோ வேறு மறைமாவட்டத்திலோ அவனுக்குத் திருச்சபை வருவாயுள்ள ஒரு பதவி கிடைக்கச் செய்ய வேண்டும்.

முதலிரண்டையும் பீட்டர் அனுப்பிவைத்தார். மூன்றாவதற்கு, ஆயர்கள் இத்தகைய பதவிகளை எளிதில் தருவதில்லை. இயன்றவரை முயல்வேன் என்று எழுதினார்.